மேகமில்லாத படம்

எங்கள் அலுவலகத்துக்கு மேகத்தைப் பிடிக்காது. ஊரே மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, ஒரு வெள்ளைத் துண்டு தெரிந்தாலே முகம் சுளிக்கிற கூட்டம் நாங்கள் மட்டும்தான். செயற்கைக்கோள் எடுத்து அனுப்பும் படத்தில் மேகம் இருந்தால், அதற்குக் கீழே காடா, வயலா, குளமா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அதனால் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத படமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, அதை வைத்துத்தான் மாவட்டம் முழுவதையும் மண்டலம் மண்டலமாகப் பிரிப்போம். காடு என்றால் பச்சை. தண்ணீர் நிற்கும் இடம் நீலம். பயிர்நிலம் பழுப்பு, வீடும் ரோடும் சாம்பல். எதிலும் சேராமல் சும்மா கிடக்கும் இடம் மஞ்சள், அதற்குத் தரிசு என்று பெயர்.

நிறம் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது. எந்த நிறத்தில் யார் என்ன செய்யலாம், மரம் வெட்டலாமா, மண் அள்ளலாமா, மாடு மேய்க்கலாமா என்பதெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொரு கட்டடத்தில் முடிவாகும். அதுவும் நாங்கள் வரைபடத்தைக் கொடுத்த பிறகுதான். முதலில் நிறம், அப்புறம்தான் அதற்கு அர்த்தம். இதென்ன கூத்து என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். அர்த்தம் முன்பே தெரிந்துவிட்டால் ஆளாளுக்கு வந்து நிறத்தை மாற்றச் சொல்லுவார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. என் அண்ணனின் பிழைப்பு அதில் மாட்டிக்கொள்ளும்வரை நியாயமாகத்தான் பட்டது.

அண்ணன் எருமை வைத்திருந்தான். ஊருக்கு வெளியே, பைபாஸ் ரோடு திரும்புகிற இடத்தில், யார் பெயரிலும் இல்லாத பொதுநிலத்தில் ஒரு பெரிய பள்ளம் உண்டு. மழை மாதங்களில் அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், கோரை முளைக்கும், எங்கிருந்தோ கொக்கும் நாரையும் வந்து இறங்கும். வெயில் ஏற ஏற எல்லாம் வற்றிவிடும். எருமைகள் படுத்துப் புரண்டு உண்டாக்கிய குழிகளில் மட்டும் கோடை முழுவதும் சேறு காயாமல் இருக்கும். பள்ளத்தின் கரையில்தான் கொட்டகையும் அதை ஒட்டி இரண்டு அறை வீடும். டீக்கடைகளுக்கும் ஒரு மருத்துவமனை கேன்டீனுக்கும் அண்ணன் பால் ஊற்றிக்கொண்டிருந்தான். அண்ணி தனக்கு எருமையைக் கண்டாலே ஆகாது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். ஆனால் கொட்டகையில் ஒன்று இருமினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முதலில் ஓடுவது அவள்தான்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்குப் புள்ளி என்றே பெயர் ஆகிவிட்டது. இது காடு, இது வயல் என்று படத்தின் மேல் அங்கங்கே மாதிரிக்குப் புள்ளி வைப்பது அவன் வேலை. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் மிச்ச இடங்களுக்கெல்லாம் தானே நிறம் அடித்துவிடும். அதன் பிறகு பிசிறுகளைச் சரிசெய்து, எல்லைக்கோடு போட்டு, பெயர் எழுதுவது என் வேலை. அப்படி ஓரம் சரிசெய்துகொண்டே வந்தபோதுதான் பைபாஸ் திருப்பத்தைப் பார்த்தேன். பள்ளம் முழுவதும் மஞ்சள். கடுங்கோடையில் எடுத்த படம், கம்ப்யூட்டர் கண்ணுக்கு வெடித்துப்போன மண்தான் தெரிந்திருக்கிறது. தரிசு என்று அடித்துவிட்டுப் போய்விட்டது.

மஞ்சள் நிலமெல்லாம் செங்கல் சூளைகளுக்கு மண் எடுக்கப் போகிறதாம் என்று டீ குடிக்கிற இடத்தில் ஒரு மாதமாகவே பேச்சு. பள்ளத்தில் இருப்பது களிமண். சூளைக்காரன் கண்ணில் பட்டால் விடுவானா?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டிலும் சொல்லுவார்கள், அலுவலகத்திலும் சொல்லுவார்கள். நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். மேடம் என்றால் எங்கள் பிரிவுக்குத் தலைமை, ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தவர், அதிர்ந்து பேசமாட்டார். அது என் அண்ணன் இருக்கும் இடம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒளித்து வைத்துக் காரியம் சாதிக்கிற புத்தி எனக்கு இல்லை. அப்புறம் பொரிந்து தள்ளினேன். மழைக்காலத்தில் வந்து அதைத் தரிசு என்று சொன்னால் கொக்குகூடச் சிரிக்கும் என்றேன். மேடம் பொறுமையாக மழை மாதத்துப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒன்று விடாமல் எல்லாம் வெள்ளை. மாவட்டத்தையே பஞ்சு போட்டு மூடின மாதிரி இருந்தது.

"பாருங்க. மேகம் இல்லாத நாள்ல அங்க தண்ணி இல்ல. தண்ணி இருக்கற நாள்ல மேகம் விலகல. நான் எதை வெச்சு நீலம் போடறது?"

"எதை வெச்சோ போடுங்க மேடம். இடம் என்னவா இருக்கோ அதைத்தானே நாம போடணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். நேரில் ஆள் அனுப்பிப் பார்க்கலாம், ஆனால் நான் போகக் கூடாது, புள்ளியும் தாவரங்களைப் பார்க்கிறவரும் போகட்டும் என்றார். அது சரிதான். சொந்தக்காரி போய்ப் பார்த்துச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஜீப் அந்த மண்பாதையில் காய்ந்த காலத்தில்தான் போகும். ஆகவே நேரில் பார்க்கப் போனதும் கோடையில்தான். அண்ணனிடம் மட்டும் போனில், ஆள் வருவார்கள், இடத்தைச் சுற்றிக் காட்டு என்று சொல்லி வைத்தேன். சாயங்காலம் புள்ளி திரும்பி வந்தான். சட்டையெல்லாம் சேறு, முகமெல்லாம் பல். ஒரு நாளும் நாற்காலியை விட்டு எழாதவன், படங்களை என் மேசையில் பரப்பிவிட்டு நின்றுகொண்டே பேசினான். அந்த வெயிலிலும் குழிகளில் ஈரம், ஈரத்துக்குள் தவளைகள், கையை விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும் சேற்று மீன்கள். பறவைகளின் கால்தடம் கோலம் போட்ட மாதிரி இருந்தது. கோடையைத் தாண்டுகிற உயிரெல்லாம் அந்தக் குழிகளில்தான் ஒளிந்திருக்கிறது, மாவட்டத்திலேயே இப்படி ஒரு இடம் இன்னும் கண்ணில் படவில்லை என்று தாவரக்காரர் சொன்னாராம்.

பள்ளம் நீலமானது. கம்ப்யூட்டரை நம்பாமல், கரையையும் உள்ளே சேர்த்து, என் கையாலேயே ஓரம் பிசகாமல் நீலம் நிரப்பினேன். உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன். எனக்குத் தலை நரைத்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"நீலம்னா நல்லதா பாப்பா?" என்று கேட்டான்.

"நல்லதுதாண்ணா. இனிமே ஒருத்தனும் அங்க மண்வெட்டியோட வர முடியாது."

அது பொய்யில்லை. ஒருவனும் வரவில்லை. வந்தது வேலிதான்.

மழை ஆரம்பிக்கும் முன்னே ரோட்டுக்கு அந்தப் பக்கக் கட்டடத்திலிருந்து நிறங்களுக்கு விதி வந்தது. பச்சையில் இன்னின்ன செய்யலாம், பழுப்பில் இன்னின்ன செய்யலாம் என்று பக்கம் பக்கமாக. நீலத்துக்கு மட்டும் ரொம்பச் சுருக்கம். நீர்நிலை முழுப் பாதுகாப்பு மண்டலம், குடியிருப்பு கூடாது, வளர்ப்பு விலங்குகள் நுழையக் கூடாது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படித்தால் மாறிவிடுமா என்ன? அண்ணன் வீடு, கொட்டகை, எருமைகள் எல்லாமே என் நீலத்துக்குள் இருந்தன.

அந்தக் கட்டடத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசு, மரியாதையான ஆள், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எருமைகள் அங்கே புது விருந்தாளிகள் இல்லை, அவை படுத்ததால்தான் அந்தக் குழிகளே உண்டாயின என்று விளக்கினேன். அவர் எங்கள் ஆய்வுக் குறிப்பையே திருப்பி என் பக்கம் நகர்த்தினார். அதில் எருமை என்ற சொல்லே இல்லை. படங்களிலும் ஒரு வால்கூட இல்லை. எப்படி இல்லாமல் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். ஆபீசர்கள் வருகிறார்களே, கால் வைக்கிற இடமெல்லாம் சாணியாக இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று, அன்று விடிகிறபோதே எருமைகளை பைபாஸ் ரோட்டைத் தாண்டி ஓட்டிப்போய்க் கட்டிவிட்டானாம். இடத்தைக் கூட்டிப் பெருக்கியும் வைத்திருக்கிறான். என் அலுவலகத்து மரியாதையைக் காப்பாற்றியிருக்கிறான். அவனை நான் என்ன சொல்லித் திட்டுவது?

புள்ளியைப் பிடித்து உலுக்கினேன். குழியை என்ன பன்றியா தோண்டியது, கொட்டகை கண்ணில் படவில்லையா, கேட்க வாய் இல்லையா என்று கேட்டேன். கொட்டகையைப் பார்த்தேன் என்று ஒப்புக்கொண்டான். ஆனால் ஆய்வுப் படிவத்தில் செடி, பறவை, மீன், தவளை என்று எழுத இடம் இருக்கிறது, வளர்ப்பு விலங்குக்கு இடம் இல்லை. இல்லாத இடத்தில் அவன் எங்கே எழுதுவான்? தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் மேல் கோபப்பட்டும் பிரயோஜனம் இல்லை என்பது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

அப்புறம் கொஞ்ச காலம் நான் ரோட்டைக் கடப்பதே வேலையாக இருந்தேன். விதியை மாற்ற வேண்டும் என்று அங்கே போனால், வரைபடத்தில் நீலமாக இருக்கிறதே, நிறத்தை மாற்றினால் விதி தானாக மாறிவிடும் என்றார்கள். நிறத்தை மாற்ற வேண்டும் என்று இங்கே வந்தால், நீலம் தவறு என்றால் வேறு எந்த நிறம் சரி என்று மேடம் கேட்டார். மஞ்சள் என்றால் சூளைக்காரன். நீலம் என்றால் வேலி. தண்ணீரும் இருக்கும், எருமையும் இருக்கும் என்பதற்கு எங்களிடம் நிறமே இல்லை. புதிதாக ஒரு வகை சேர்க்க வேண்டுமென்றால் நாடு முழுவதும் எல்லா வரைபடத்தையும் மாற்ற வேண்டும் என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

எருமைகளை விற்று வண்டியில் ஏற்றிய அன்று நான் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். பெரியது ஒன்று, எல்லாவற்றுக்கும் தாய், பலகையில் கால் வைக்கவே மாட்டேன் என்று நின்றுவிட்டது. வாங்க வந்தவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், வாலை முறுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே வண்டியில் ஏறி உள்ளே போய் நின்றுகொண்டு, வாடி, என்று வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். அது நம்பி ஏறியது. ஏறினதும் அண்ணி பக்கவாட்டில் இறங்கிக்கொண்டாள். இறங்கியவள் என் பக்கம் திரும்பாமல் கொட்டகைக்குள் போய் ஒன்றும் இல்லாத தரையைக் கூட்ட ஆரம்பித்தாள்.

"நீ நல்லதுக்குத்தான் பண்ண. எங்களுக்குத் தெரியாதா?" என்று அண்ணன் சொன்னான். அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டை அப்புறம் பிரித்தார்கள். இருவரும் நகருக்குள் ஒரு மாடியறைக்குக் குடிபோனார்கள். பிழைப்பு போனவர்களுக்கு முன்னுரிமை என்று அந்த வேலிக்கே அண்ணனைக் காவலாளாகப் போட்டார்கள். இதையும் பெரிய உதவி என்று நினைத்துத்தான் செய்தார்கள், யாரையும் குறை சொல்வதற்கில்லை. கொடுத்த சட்டைக்குள் அவனைப் போல இன்னொருவனும் நுழையலாம். ஒரு விசிலும் கொடுத்தார்கள். யாருடைய ஆடு மாடாவது வேலி ஓரம் வந்தால் ஊதி விரட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து நாக்கைத் தட்டி எருமையைக் கூப்பிட்டே பழகியவன், விசில் ஊதத் தெரியாமல் ஊதிக் காற்றுதான் வருகிறது என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

அந்த வருடம் மழை நன்றாகவே பெய்தது. பள்ளம் நிறைந்தது, கொக்கும் வந்தது. அலுவலகத்தில் யாரோ அந்தப் படத்தைச் சுவரில்கூட ஒட்டினார்கள். ஆனால் மேய்வதற்கு எருமை இல்லாத கோரை ஆளுயரம் வளர்ந்து தண்ணீரை உறிஞ்சியது. வெயில் தொடங்கியதும் சீக்கிரமே வற்றியது. படுத்துப் புரண்டு சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்த உடம்பு இல்லாததால் குழிகளில் ஈரம் நிற்கவில்லை, மண் சரிந்து அவை தூர்ந்துபோயின. அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்து சொல்லிக்கொண்டே இருந்தான். தவளைச் சத்தம் குறைந்துவிட்டது என்றான். அப்புறம் தவளையே இல்லை என்றான். நான் எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன், அந்தக் கட்டடத்திலும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். மறு ஆய்வு வரும், அப்போது பார்க்கலாம் என்றார்கள். அதை அண்ணனிடமும் சொல்லி வைத்தேன். இந்தக் கோடையில் மறுபடியும் மேலிருந்து படம் எடுப்பார்கள், அதில் நீலம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள் என்று சொன்னேன். வேறு சொல்ல என்னிடம் என்ன இருந்தது?

படம் வந்தது. அப்பழுக்கில்லாத படம், மாவட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு கீற்று மேகம் இல்லை. புள்ளி என் மேசைக்கு வந்தான், உட்காரவில்லை. பள்ளத்தில் இந்த முறை தானே புள்ளி வைத்துப் பார்த்ததாகவும், நேரிலும் போய் வந்ததாகவும் சொன்னான். குழிகள் இருந்த இடம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. போன வருடம் அவன் பார்த்த எதுவும் இப்போது அங்கே இல்லை. மஞ்சள்தான் வருகிறது என்று மென்று விழுங்கிச் சொன்னான்.

மேடத்தின் அறைக்கு மறுபடி போனேன். இந்த முறை கத்துவதற்குத் தெம்பில்லை. எருமைகளை விரட்டியதால்தான் காய்ந்தது, நாமே காய வைத்துவிட்டு நாமே தரிசு என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை. நான் சொல்வது முழுக்க உண்மை என்றுகூட ஒப்புக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"இடம் என்னவா இருக்கோ அதைத்தானே நாம போடணும்? நீங்க சொன்னதுதானே?"

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது. நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஓரம் சரிசெய்வது என் வேலை. போன வருடம் நானே பார்த்துப் பார்த்து நிரப்பிய நீலத்தின் மேல் நானே மஞ்சள் அடித்தேன். கோடு ஓரிடத்திலும் பிசகவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் என்னை எனக்குப் பிடிக்காமல் போகிறது.

மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டு அண்ணனைப் பார்க்கப் போனேன். மஞ்சள் என்றால் காவல் வேலையும் இல்லை. சூளைக்காரன் இயந்திரத்தோடு வருவதற்குள் என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வேலி வாசல் திறந்தே கிடந்தது. அண்ணனைக் காணோம். கூப்பிட்டபோது பள்ளத்தின் நடுவிலிருந்து குரல் வந்தது.

கோரையை ஒரு வட்டத்துக்கு வெட்டி ஒதுக்கியிருந்தான். பழைய குழிகளில் ஒன்றை மண்வெட்டியால் ஆழப்படுத்தி, காலால் மிதித்து மிதித்து அடிமண்ணைக் கெட்டியாக்கியிருந்தான். முழங்கால்வரை சேறு. பக்கத்தில் பால் கேன்கள். எருமைகள் போன பிறகு அவற்றையும் விற்றுவிட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். ரோட்டோரத்து அடிபம்பிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிக்கொண்டிருக்கிறான். குழியின் அடியில் உள்ளங்கை ஆழத்துக்குக் கலங்கல் நீர் நின்றது. மேலிருந்து எடுக்கும் படத்தில் ஒரு கட்டம் என்பது ஒரு வீட்டு மனை அளவு. இந்தத் தண்ணீர் எந்தப் படத்திலும் தெரியாது. அது எனக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்?

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நல்ல சமயத்துல வந்த பாப்பா. படம் என்னைக்கு எடுப்பாங்கன்னு விசாரிச்சுச் சொல்லு. அன்னைக்கு உங்க அண்ணியையும் கூட்டிட்டு வந்து எல்லாக் குழிலயும் ரொப்பிடறோம்."

எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த மாதம் என்று சொன்னால் அடுத்த மாதம்வரை சுமப்பான்.

"எடுத்துட்டாங்கண்ணா," என்றேன்.

என்ன நிறம் என்று அண்ணன் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். ஒரு துண்டு மேகம் இல்லை. பிறகு குனிந்து, காலடியில் நிறைந்திருந்த கேனின் பிடியில் கையை வைத்தான்.

"சரி, தூக்கிட்டு வந்தாச்சு," என்றான். "இதை மட்டும் ஊத்திட்டு வரேன்."